மொட்டைக் கோபுரமும் சின்னம்மனும்

“நீங்க சொன்ன வாக்கு பலிக்கலை” என்றான் சொரிமுத்து.

உலகம்மை நிமிரவில்லை. சேனைக்கிழங்குப் பாத்திக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள்.

“எந்த வாக்கு அண்ணாச்சி?”

“எனக்குச் சொன்னது.”

“நீங்க யாரு?”

மூச்சிரைக்க மலையேறி வந்தவனுக்கு இது எதிர்பாராத அடி. அந்த ஜில்லாவில் அவனைப் பார்த்து யாரென்று கேட்டவர்கள் கிடையாது. ஏழடிக்குக் கொஞ்சமே குறைவாக ஒரு மனிதன் தெருவில் நடந்தால் நாய்கூட ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

“சொரிமுத்து. பாஸ்கெட்பால் சொரிமுத்து.”

“அப்படியா” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த பாத்திக்கு நகர்ந்தாள்.

அவனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பாதி ஆத்திரத்தை ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தான். மீதி இங்கே வந்ததும் சேர்ந்துகொண்டது.

குரு என்றால் நமக்கெல்லாம் மனதில் ஒரு படம் உண்டு. உலகம்மை அந்தப் படத்துக்குள் அடங்கமாட்டாள். ஜடாமுடி இல்லை, ருத்திராட்சம் இல்லை. வாயில் வெற்றிலை, கையில் மண்வெட்டி. வயதிலும் சொரிமுத்துவுக்கு இளையவள். அதனால்தான் அண்ணாச்சி என்று கூப்பிட்டாள்.

ஆனால் ஒரு காலத்தில் இவளைப் பார்க்க வண்டி வண்டியாகச் சனம் வந்திருக்கிறது.

சின்ன வயதில் காய்ச்சலில் ஏதோ பிதற்றினாள். அந்தப் பிதற்றலில் அவள் சொன்ன இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் தொலைந்துபோன மாடு மேய்ந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான். தாய்மாமன் அவளுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, இந்த மலைமேல் ஒரு பலகையில் உட்காரவைத்துவிட்டான். சின்னம்மன் என்று பேர் வந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாக்கு கேட்க வந்தார்கள். இப்போதே இப்படி என்றால் வளர்ந்த பிறகு நாடே வந்து விழும் என்று சொன்னார்கள். அந்த நாட்டை உட்காரவைக்க ஒரு மண்டபமும் கட்டத் தொடங்கினார்கள்.

வளர்ந்தாள். ஒருநாள், இனிமேல் வாக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள்.

மாமன் கெஞ்சினான். அடித்தான். பிறகு மலையை விட்டு இறங்கிப் போனான். சனமும் போனது. மண்டபத்துத் தூண்கள் கம்பியை நீட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றன. அவற்றில் அவள் அவரைக்கொடி ஏற்றிவிட்டாள்.

இருந்தாலும் எப்போதாவது யாராவது வருவார்கள். வருகிறவர்களிடம் வேலை வாங்குவாள், சோறு போடுவாள். சிலர் கேட்க வந்ததைக் கேட்காமலே தெளிந்த முகத்தோடு இறங்கிப் போனது உண்டு. ஆகவே அடிவாரத்தில் அவளை குரு என்று சொல்லுகிறவர்கள் கொஞ்சம்பேர் இருந்தார்கள். கிறுக்கு என்று சொல்லுகிறவர்கள் நிறையப்பேர்.

சொரிமுத்து பாத்திக்குக் குறுக்கே போய் நின்றான்.

“எங்க அம்மை என் கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இந்த மலை ஏறினா. நீங்க பலகையில உக்காந்திருந்தீங்க. என் நெத்தியில குங்குமம் வச்சு, இந்தப் பிள்ளையால உங்க குலமே விளங்கும்னு சொன்னீங்க.”

“சொல்லியிருப்பேன்.”

“விளங்கலை.”

“சரி.”

“சரின்னா?”

“பாத்தியில நிக்கிய அண்ணாச்சி. முளை மிதிபடுது.”

அவன் காலை எடுத்தான். அந்தக் கால் ஒரு முளையை விட்டு இன்னொரு முளைமேல் போனது. அவ்வளவு பெரிய பாதம்.

“அந்தக் கூடையைத் தூக்கிக்கிட்டு வாங்க” என்றாள் அவள். “வெயில் ஏறிட்டு.”

சண்டை போட வந்தவன் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான்.

*

சாப்பாட்டுக்குப் பிறகு அவனுக்கு முன்னால் ஒரு குவியல் புளியைக் கொட்டினாள். கொட்டை எடுக்க வேண்டும்.

“பேசிக்கிட்டே எடுங்க” என்றாள். “கை சும்மா இருந்தா பேச்சு நீளும்.”

அவன் சொன்னான்.

வாக்கு விழுந்த அன்றிலிருந்து வீட்டில் முட்டை அவனுக்கு, பால் அவனுக்கு. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டுச் செங்கல் சூளைக்குப் போனான். விளங்கப் போகிறவனுக்குச் செலவு இருக்கிறதே. அதைச் சொல்லும்போது சொரிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். அண்ணனை நினைத்தால் வருவது பாசமா வெட்கமா என்று அவனால் பிரிக்க முடிந்ததில்லை.

பிறகு வளரத் தொடங்கினான். எல்லாப் பையன்களும் வளருவார்கள், ஓரிடத்தில் நிறுத்துவார்கள். இவன் நிறுத்தவில்லை. வீட்டு நிலை தலையில் இடித்தது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு போதவில்லை. பி.டி. சார் அவனைக் கண்டதும் கையில் இருந்த விசிலைக் கீழே போட்டுவிட்டார்.

“அம்மை தெருவுக்கே கற்கண்டு குடுத்தா. வாக்கு பலிக்க ஆரம்பிச்சிட்டுன்னு.”

“சார் என்ன சொல்லிக் குடுத்தாரு?”

“கையைத் தூக்கிட்டு நிக்க.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்லை. பந்து கைக்கு வந்தா கீழ தட்டாத, தலைக்கு மேல பிடிச்சுக்கோன்னு சொல்லுவாரு. கீழ இறக்கினா குட்டைப் பயலுவ தட்டிப் பறிச்சிருவானுவல்லா? மத்தவனெல்லாம் பந்தைத் தட்டிக்கிட்டு கிரவுண்டு பூரா ஓடிப் பழகுவான். முட்டி பேந்து அழுவான். நான் கூடைக்கு அடியில நிப்பேன். நீ ஓட வேண்டாம்ல, நீ நின்னாலே போதும்னு சொல்லுவாரு.”

“ஜெயிச்சியளா?”

“எல்லாத்துலயும் ஜெயிச்சோம்.”

ஜில்லாவில் ஜெயித்தார்கள். மாநிலத்தில் ஜெயித்தார்கள். பத்திரிகைக்காரர்கள் கழுத்து வலிக்க அவனைப் படம் பிடித்து, தென்னாட்டுக் கோபுரம் என்று பேர் வைத்தார்கள். வெளிநாட்டில் சம்பளத்துக்கு ஆள் எடுத்து ஆடுகிற ஒரு பெரிய கிளப் அவனை அழைத்தது. நம்மூர்ப் பையன் யாரும் அதுவரை அந்த வாசலை மிதித்ததில்லை. ஊரே ரயிலடிக்கு வந்து மாலை போட்டது. மாலை போடுவதற்கு ஸ்டூல் கொண்டுவந்திருந்தார்கள்.

“போனியளா?”

“போனேன்.”

“போயி?”

சொரிமுத்து ஒரு புளியங்கொட்டையை விரலால் சுண்டினான்.

“அங்க எல்லாரும் என் உயரம்.”

உலகம்மை சிரித்துவிட்டாள். வாய்விட்டு, வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தாள். அவனுக்குச் சுருக்கென்றது. பிறகு, அதில் சிரிப்பு இருக்கத்தான் செய்கிறது என்று தோன்றியது. இத்தனை வருஷத்தில் எல்லாரும் துக்கம் விசாரித்தார்களே ஒழிய யாரும் சிரித்துக் காட்டவில்லை.

“என் உயரத்துக்காரன் ஓடுதான். என் உயரத்துக்காரன் பந்தைத் தட்டிக்கிட்டுக் குறுக்கயும் நெடுக்கயும் போறான். நான் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு நின்னேன். பின்னால வந்தவன் கொய்யாப்பழம் பறிக்க மாதிரி எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.”

கொஞ்ச நாள் ஆடவிட்டார்கள். அப்புறம் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அப்புறம் பெஞ்சுக்குப் பின்னால் இருக்கிற நாற்காலி. பிறகு சின்ன கிளப், அதைவிடச் சின்ன கிளப். கடைசியில் முழங்காலில் பட்டி சுற்றிக்கொண்டு திரும்பி வந்தான். ரயிலடியில் யாரும் இல்லை. ஆனால் புதுப் பேர் ஒன்று காத்திருந்தது.

“என்ன பேரு?”

“மொட்டைக் கோபுரம்.”

உலகம்மை கம்பி நீட்டிக்கொண்டிருந்த தன் மண்டபத்தைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். 

“இன்னும் புளி இருக்கு” என்றாள் அவள்.

*

மறுநாள் கிணற்றடியில் அவளை மறித்து, வந்த காரியத்தைக் கேட்டுவிட்டான்.

“என்கிட்ட என்ன குறை? அதை மட்டும் சொல்லுங்க.”

“உங்களுக்குத் தெரியாதா?”

“ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க. வெளிநாட்டுக் கோச்சு முட்டின்னான். மானேஜரு தைரியம் இல்லைன்னான். அண்ணன் கண்ணேறுங்கான். எம் பொஞ்சாதி சோம்பேறித்தனம்னா.”

மனைவி சொன்னதோடு நிற்கவில்லை. தாய் வீட்டுக்குப் போயும் விட்டாள். அதை அவன் சொல்லாமல் விட்டான்.

“எதுன்னு தெரிஞ்சு என்ன செய்யப் போறிய?”

“வேலைக்குப் போகணும்.”

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

பட்டணத்தில் ஒரு அகாடமி அவனைக் கூப்பிட்டிருந்தது. ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். எது தேறும் எது தேறாது என்று பொறுக்க வேண்டும். பொறுக்கிய பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து ஹாஸ்டலில் போட்டுவிடுவார்கள். காலையும் மாலையும் பந்து. வருகிற திங்கட்கிழமை அவன் சேர வேண்டும். பந்தைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் தெரியாது. இந்த வேலையை விட்டால் அண்ணன் வீட்டுச் சோறுதான்.

“நல்ல வேலைதானே?” என்றாள் உலகம்மை.

“எனக்கு எது இல்லாமப் போச்சுன்னே தெரியலை. இன்னொரு பிள்ளைகிட்ட எது இருக்குன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? தப்பாச் சொன்னா அது இன்னொரு சொரிமுத்து ஆயிரும். அதோட அண்ணன் சூளைக்குப் போயிருவான்.”

குரல் உடைந்தது. அவன் அதை மறைக்கவில்லை.

“எங்க அம்மை சாகப்போற நேரத்துல என்னைப் பக்கத்துல கூப்பிட்டு, எப்பல விளங்கும்னு கேட்டா. நான் என்ன சொல்ல?”

“என்ன சொன்னிய?”

“சீக்கிரம்னேன்.”

உலகம்மை வாளியை எடுத்துக்கொண்டாள்.

“வாங்க. பரண்ல இருந்து பூசணிக்காய் இறக்கணும்.”

சொரிமுத்துவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. உயரமானவனைக் கண்டால் உலகத்துக்கே ஒட்டடை ஞாபகம் வரும் என்பது அவன் அனுபவம். கல்யாண வீட்டில் தோரணம் கட்ட, கோயிலில் சரவிளக்கு மாட்ட, தெருவில் பட்டம் சிக்கினால் எடுக்க. குருவும் அதில் சேர்த்தியா?

பரண் மண்டபத்துக்குள் இருந்தது. அவன் ஏணி இல்லாமலே எட்டி ஒரு பூசணிக்காயை எடுத்தான். எடுத்து, இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு திரும்பினான். முழங்கைகள் இரண்டு பக்கமும் விறைத்துக்கொண்டு நின்றன.

உலகம்மை கையை நீட்டினாள். எட்டவில்லை.

“இறக்குங்க.”

நெற்றி வரைக்கும் இறக்கினான்.

“இன்னும்.”

மோவாய் வரைக்கும் வந்தது. அதற்குக் கீழே கைகள் வரமாட்டேன் என்றன. அவன் மறுக்கவில்லை. கைகள்தான் மறுத்தன. அவனுக்கே வேர்த்துவிட்டது.

“பறிச்சுக்கிட்டு ஓடிருவேன்னு பாக்கியளா?”

“இல்லம்மா. பழக்கம்.”

அவள் அந்தக் கைகளையே கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு, கால் வலிக்கிறவள்போலத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“இப்பக் குடுங்க.”

வேறு வழியில்லை. சொரிமுத்து முழங்காலை மடக்கி, கட்டிடம் இறங்குவதுபோல இறங்கி, தரையில் உட்கார்ந்தான். பூசணிக்காய் அவள் மடிக்கு வந்தது.

அவனுக்குள் என்னவோ பளிச்சென்றது.

“புரிஞ்சிட்டும்மா” என்றான்.

“என்னது?”

“நான் இறங்கி வரணும். அகம்பாவம்தான் என் குறை. அதைத்தானே காட்டினீங்க?”

“எங்க காட்டினேன்?”

“இந்தப் பூசணிக்காய்...”

“இது சாம்பாருக்கு அண்ணாச்சி” என்றாள் உலகம்மை.

*

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. மறுநாள் அவன் பட்டணத்தில் நிற்க வேண்டும்.

துவைத்த சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. துண்டைப் போர்த்திக்கொண்டு, மழிக்காத தாடியோடு சொரிமுத்து மண்டபத்தில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். இன்றைக்கு விடுவதாக இல்லை.

“குறையைச் சொல்ல வேண்டாம். வேற ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு வாக்கு சொன்னியள்ளா, அப்ப என்கிட்ட என்னத்தைப் பாத்தீங்க?”

அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏதோ பாத்துத்தானே சொல்லியிருப்பீங்க? கண்ணுலயோ, கையிலயோ. அது என்னன்னு சொன்னாப் போதும். அதைத் தேடித்தான் ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் பாப்பேன்.”

“ஒண்ணும் பாக்கலை.”

“ஒண்ணுமா?”

“எல்லாருக்கும் அதையேதான் சொன்னேன் அண்ணாச்சி.”



“எல்லாருக்குமா?”

“வந்த பிள்ளைக அத்தனைக்கும்.”

“இந்தப் பிள்ளையால...”

“உங்க குலமே விளங்கும். மாமா சொல்லிக் குடுத்தது. முதல்ல வேற வேற சொன்னேன். இதுக்குத்தான் எல்லாரும் அழுதாவ, சிரிச்சாவ. அப்புறம் இதையே சொல்ல ஆரம்பிச்சிட்டேன்.”

“ஏன்?”

“பசிக்கும்.”

அவள் கத்தியை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து அவள் அவனை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“பிள்ளையோட அம்மைக்காரி என் முகத்தையே பாத்துக்கிட்டு இருப்பா. அவ மூஞ்சியிலயே இருக்கும், நான் என்ன சொல்லணும்னு. அதைச் சொல்லிட்டா எந்திரிச்சுப் போயிருவா. சொல்லாட்டா போகமாட்டா. கடைசி ஆளும் போனாத்தான் மாமா சோறு போடுவாரு.”

சொரிமுத்து எழுந்தான். தலை தூணில் நீட்டியிருந்த கம்பியில் இடித்தது. வலி தெரியவில்லை.

முட்டையும் பாலும், சூளையில் கறுத்துப்போன அண்ணனும், கற்கண்டும், சாகிற நேரத்துக் கேள்வியும், எல்லாம் ஒரு சிறுமியின் பசிக்காக. அவன் வாழ்க்கையில் அவ்வளவு கோபம் வந்ததில்லை. மைதானத்தில் வந்திருந்தால் ஒருவேளை உருப்பட்டிருப்பான்.

“தெரியாதுன்னு சொல்ல என்ன கேடு?” என்று கத்தினான். “ஒரே ஒரு வார்த்தை! எனக்குத் தெரியாதும்மான்னு சொல்லியிருந்தா எங்க அம்மை திட்டிக்கிட்டே இறங்கிப் போயிருப்பா. எங்க அண்ணன் வாத்தியாராயிருப்பான். நான் எம்பாட்டுக்கு இருந்திருப்பேன்.”

“ஆமா.”

“சின்னப் பிள்ளைன்னு சொல்லாதீங்க. சின்னப் பிள்ளைக்குத்தான் உண்மை சட்டுன்னு வரும்.”

“நான் சொல்லலையே.”

“உங்க இடத்துல நான் இருந்திருந்தா சொல்லியிருப்பேன். மூஞ்சிக்கு நேரா, தெரியாதுன்னு சொல்லியிருப்பேன்.”

“சொல்லியிருப்பியளா?”

“சத்தியமா!”

உலகம்மை மறுபடியும் அவரைக்காயை எடுத்துக்கொண்டாள்.

அவன் ஈரம் காயாத சட்டையை உருவிப் பையில் திணித்தான். இந்த மலைக்கு வந்ததே மடத்தனம். ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாமா, போடாமலே போகலாமா என்பது மட்டும்தான் பாக்கி. போடாமலே போவது என்று முடிவு செய்து திரும்பினான்.

மலைப்படியேறி ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். வெயிலில் முகம் கன்றியிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி. கால்கள் மட்டும் முன்னாலேயே வளர்ந்துவிட்ட உடம்பு. வழியெல்லாம் கொசு கடித்திருக்க வேண்டும். வந்து நின்றதும் ஒரு காலால் மற்றக் காலைச் சொறிந்துகொண்டது.

“சின்னம்மா” என்று அந்தத் தாய் உலகம்மைக்கு முன்னால் விழுந்தாள். “கோயில்பட்டிப் பக்கத்துல இருந்து வாரோம். ஒரு வாக்கு சொல்லணும்.”

“வாக்கு சொல்லுததில்லை தாயி. மோரு குடிங்க.”

“மோரு வேண்டாம்மா. இவ பந்து நல்லா ஆடுதா. டீச்சரம்மா இவளைப் பட்டணத்துல கொண்டு சேருங்கன்னு சொல்லுதாவ. இவ அப்பா, இருக்கிற ஒரு துண்டு நிலத்தையும் வித்துரவான்னு கேக்காரு. மூத்தவளுக்குன்னு வச்சிருந்த நிலம். வித்துட்டு, பின்னால இவ ஒண்ணுமில்லாமப் போயிட்டா? ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. உங்க வாக்கு தப்பாதுன்னு எங்க மாமியா சொல்லுவாவ.”

“நான் சொல்லுததில்லை” என்றாள் உலகம்மை. பிறகு கத்தியால் சொரிமுத்துவைக் காட்டினாள். “இந்த அண்ணாச்சிக்கு அதான் வேலை. பந்து விளையாடுத பிள்ளையப் பாத்து, வருமா வராதான்னு சொல்லுதது. அவுகளைக் கேளுங்க.”

தாய் திரும்பினாள்.

அண்ணாந்தாள். தாடியும் துண்டும் நெடுநெடுவென்ற உடம்புமாக ஒருவன் நிற்பதை அப்போதுதான் பார்த்தாள். மலைமேல் அப்படி ஒருவன் நின்றால் சாமியாராகத்தானே இருக்க வேண்டும்? கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிள்ளையை இழுத்து அவனுக்கு முன்னால் நிறுத்தினாள்.

“சொல்லுங்க சாமி. இவ எப்படி வருவா?”

சொரிமுத்து சிறுமியைப் பார்த்தான். கால் நீளம். தோள் ஒடிசல். ஓடுமா, ஓடாதா, பந்தைக் கீழே தட்டக் கற்றுக்கொடுத்தார்களா, ஒன்றும் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை.

என்ன சொல்ல வேண்டும் என்பதில் அவனுக்கு ஒரு குழப்பமும் இல்லை. சற்று முன்னால் தொண்டை கிழியச் சொன்னது அதைத்தானே. ஒரே ஒரு வார்த்தை.

அவன் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தான்.

அவளுடைய உதடுகள் லேசாகப் பிரிந்திருந்தன. கண் இமைக்கவில்லை. பசியோடு இருக்கிறவன் பந்தியில் உட்கார்ந்து இலையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவன் அம்மையும் இப்படித்தான் பார்ப்பாள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்து அவன் வீட்டுக்கு வரும்போதும் வாசலில் நின்று இப்படித்தான் பார்ப்பாள்.

வாயைத் திறந்தான்.

“இந்தப் பிள்ளையால” என்றான் சொரிமுத்து, “உங்க குலமே விளங்கும்.”

தாய் ஓவென்று அழுதுவிட்டாள். அழுகையும் சிரிப்புமாக அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “போதும் சாமி. நிலம் போனாப் போகுது. இது போதும்.” முந்தானையில் முடிந்து வைத்திருந்த வாழைப்பழத்தை அவன் கையில் திணித்தாள்.

அதுவரை ஒற்றைக்காலில் வளைந்து நின்று சொறிந்துகொண்டிருந்த சிறுமி காலைக் கீழே ஊன்றினாள். முதுகை நிமிர்த்தி நின்றாள். அரிப்பு நின்றிருக்காது. ஆனாலும் அதற்குப் பிறகு சொறியவில்லை.

தாயும் மகளும் இறங்கிப் போனார்கள்.

சொரிமுத்து வாழைப்பழத்தோடு நின்றான். அவர்கள் கடைசிப் படி இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

“தெரியாதுன்னு சொல்லத்தாம்மா வாயத் தொறந்தேன்.”

“நானும் அதுக்குத்தான் தொறப்பேன்” என்றாள் உலகம்மை.

அவன் அவளைப் பார்த்தான். கோபம் எங்கே போனது என்று தேடியதுபோல இருந்தது அந்தப் பார்வை.

கீழே ரோட்டோரத்தில் ஒரு புளியமரம். தாய் அதன் நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை உட்காரவில்லை. பக்கத்தில் நிமிர்ந்தே நின்றது.

“பஸ் வர இன்னும் நேரம் கிடக்கு அண்ணாச்சி” என்றாள் உலகம்மை. நறுக்கிய காயைத் தட்டில் அள்ளினாள். “அந்தக் காலத்துலயும் எல்லாரும் அங்கதான் நிப்பாவ. ரொம்ப நேரம் நிப்பாவ. நான் இங்க இருந்து பாத்துக்கிட்டே இருப்பேன்.”

சொரிமுத்து பையை அங்கேயே போட்டுவிட்டுப் படியில் இறங்கி ஓடினான்.